ஆறுதல் நேரம்

கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் பஸ்ஸில்
இந்த முகத்தோடு ஏற்ற மாட்டார்கள் என்று
சந்தை முடிந்ததும் அப்பா
தக்காளி வண்டியைக் கழுவிவிட்டார்.
பின்னால், காலிப் பெட்டிகளுக்கு நடுவில்,
அம்மாவின் பழைய வாயில் சேலையைப் போர்த்திக்கொண்டு
எஸ்எஸ்எல்சி கணக்குப் பரீட்சைக்குப் போனேன்.
செக்போஸ்ட் முக்கில் யாரோ கேட்டார்கள்:
"இன்னைக்கு என்ன லோடு, மரியதாஸு?"
அப்பா கியரை மாற்றினார்.

முந்தின நாள்
எதிர்வீட்டு ருக்குமணியக்கா வேப்பிலையோடு வந்து
"தாய் எறங்கியிருக்கா, கையெடுத்துக் கும்பிடு" என்றார்.
எங்கள் வீட்டில் தாய் என்றால்
வேளாங்கண்ணியில் இருக்கிறவள்.
அம்மாவுக்குக் குழப்பம்.
இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி
வேப்பிலையைத் தலைமாட்டில் செருகி
மாத்திரைக்கு அலாரமும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு.
திங்களன்று இடது முழங்கை வரைக்கும் மட்டுமே
நாற்பத்தொன்று.
இது கூட்டுத் தொடர் இல்லை,
பொது வித்தியாசம் என்று ஒன்று கிடையாது.
நாற்பத்தொன்றைத் தன்னாலும் ஒன்றாலும் தவிர
யாராலும் வகுக்க முடியாது.
சொறியக் கூடாது சொறியக் கூடாது என்று
சூத்திரங்களுக்கு நடுவில் எழுதி வைத்திருந்தேன்.

எனக்கென்று ஒதுக்கியது
விளையாட்டுச் சாமான் அறை.
காற்றுப் போன பந்துகள், வலை, இரண்டு ஈட்டி,
மூலையில் குண்டெறியும் குண்டுகள்.
ஜன்னலோரம் ஏற்கெனவே ஒரு பையன்,
மலையாளம் மீடியம்,
என்னைவிட மோசம், கண்ணிமையில்கூட.
சிரித்தான் என்று நினைக்கிறேன்,
உதடு வீங்கியிருந்ததால் உறுதியில்லை.

பிரேமஜா டீச்சர் சொன்னார்:
"எனிக்கிது பண்டே வந்நதா. பேடிக்கண்டா."
சொல்லிவிட்டு நாற்காலியை
வாசலுக்கு வெளியே பாதி போட்டுக்கொண்டார்.

கேள்வித்தாளின் தலையில்
முதல் பதினைந்து நிமிடம் ஆறுதல் நேரம் என்றிருந்தது.
எழுதக் கூடாது, வாசிக்கலாம்.
மூன்று வருடமாக மாதிரித் தாள்களில் பார்த்த வரிதான்,
அன்றைக்குத்தான் அது என்னிடம் பேசியது.
காய்ச்சல் அடித்த எட்டு நாளில்
எனக்கு யாரும் ஆறுதல் என்று எழுதித் தரவில்லை.
பேனாவை மூடிவைத்துவிட்டுச்
சும்மா இருந்தேன்.
ஈட்டி முனையில் ஒரு எட்டுக்கால் பூச்சி
நாண் நாணாக வரைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கேள்விக்குக் கரண்டு போனது.
வியர்வை பட்ட இடமெல்லாம் நெருப்பு.
டீச்சர் எழுந்து, வருகைப் பேரேட்டின் அட்டையால்
எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்று வீசினார்,
யார் பக்கமும் சாயாமல், சமதூரத்தில்.

தொடுகோடு வரையும்போது
காம்பஸ் திருகு கழன்று விழுந்து
சாமான்களுக்கு அடியில் ஓடிவிட்டது.
அவன் பார்த்தான். தன்னுடையதை நீட்டினான்.
டீச்சர் "ஏய்" என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
பரீட்சையில் பொருள் மாற்றக் கூடாது, தெரியும்.
ஆனால் அம்மாகூட என் தட்டைத் தனியாகக் கழுவுகிற வாரத்தில்
யோசிக்காமல் ஒரு கை நீண்டது.
அதிலிருந்து எனக்கோ என்னிலிருந்து அதற்கோ
ஒட்டிக்கொள்ள இனி எதுவுமில்லை.
டீச்சர் வெளியே தென்னந்தோப்பைப் பார்த்தார்,
கள்ளிறக்க ஏறியவன் இறங்கி முடிக்கும்வரை.

கடைசியில் விடைத்தாளை வாங்க
கையில் பாலித்தீன் உறை மாட்டியிருந்தார்.
கையெழுத்துப் போட அது வழுக்கியது.
உறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு
வெறும் விரலால் தாளைப் பிடித்து
முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

வட்டம் சரியாக வந்தது.
நிகழ்தகவில் ஒன்றும் வரவில்லை.
பையன் பெயர் தெரியாது,
பதிவெண் ஒன்பதில் முடிந்தது.

வண்டியில் அப்பா,
"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்றார்.
"மொதப் பதினஞ்சு நிமிஷம் நல்லா இருந்துச்சுப்பா."
அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.
நாளை மறுநாள் பிசிக்ஸ்.
நாக்கில் புதிதாக இரண்டு.