ஐந்து கோடுகள்

நாரின் நகரத்து நீர்வள அலுவலகத்தில்
ரேடியேட்டருக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
மலைமேல் அளவுநிலையங்கள் அனுப்பும் பனிக்கணக்கை
எக்செல்லில் ஏற்றுவது வேலை.
நோட்டுகளில் ஆட்டுக்கொழுப்பு மணக்கும்.

சகின்பெக்கின் பிப்ரவரி:
ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து...
நடுவே, பதினொன்று முதல் பதினைந்துவரை,
எண்ணில்லை. பேனாவால் இழுத்த சிறு கோடுகள், ஐந்து.
மணி ஐந்தே முக்கால். கடைசி வண்டி ஆறுக்கு.
கோட்டுக்கு ஒரு பூஜ்யம் என்று
ஐந்து தட்டுத் தட்டிவிட்டு ஓடினேன்.

மறுநாள் சராசரி கேட்டேன். கேட்டதும் தந்தது:
நாற்பத்தாறு சென்டிமீட்டர்.
பத்து வருடத் தூண்களின் வரிசையில்
எங்கள் தூண் மட்டும் குட்டை.
"வறண்ட வருஷம்" என்று துய்ஷோன் தலையசைத்தார்;
கீழ்ப்பள்ளத்தாக்கு வாய்க்கால்களுக்கு
தண்ணீர் விடும் நாட்களைக் குறைத்தெழுதவும் தொடங்கினார்.
இடைநிலை ஐம்பத்தைந்தில் நின்று முறைத்தது.
அதை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அட்டைக்கு அழகாயிருக்கட்டுமே என்று
தினசரிக் கோட்டுப்படம் ஒன்று வரைந்தேன்.
மேசைமேல் ஊர்ந்த எறும்பு விளிம்பு தவறியதுபோல்
பத்தாம் தேதி தாண்டியதும் கோடு தரைக்கு விழுந்தது.
ஐந்து நாள் அங்கேயே படுத்துக்கிடந்தது.
பதினாறாம் தேதி எழுந்து
ஒன்றும் நடக்காததுபோல் ஐம்பத்தெட்டில் நடந்தது.
எந்த வெயில் இப்படி உருக்கும்?
எந்த இரவு இப்படித் திருப்பித் தரும்?

போன் போட்டேன். காற்றின் இரைச்சலுக்குள் சகின்பெக்:
"கறுப்புக் கண்ணாடி உடைஞ்சுபோச்சு, பெண்ணே.
பனி கண்ணைச் சுட்டிருச்சு. ஐந்து நாள்
மணலை அள்ளிக் கொட்டினமாதிரி,
கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன்.
மருமகன் நான் பார்த்துச் சொல்றேன்னான்.
அவன் குத்துமதிப்பு ஆள். வேண்டாம்னு கோடு போட்டேன்.
பனியா? ஏன் இல்லாம? கதவுவரைக்கும் இருந்தது.
பார்க்கத்தான் ஆளில்லை."

இல்லை என்பதையும்
தெரியவில்லை என்பதையும்
ஒரே பொத்தானில் அழுத்தியிருந்தேன் நான்.
கண்ணைச் சுடுமளவு பனி கிடந்த நாட்களை
பனியே இல்லாத நாட்களாக.

ஐந்து பூஜ்யங்களையும் அழித்தேன்.
வெற்றுக் கட்டத்தைச் சராசரி எண்ணுவதில்லை.
நாற்பத்தாறு ஐம்பத்தாறானது;
தூண் முழங்காலை ஊன்றி எழுந்தது.

கோட்டுப்படத்திலோ இப்போது ஓர் இடைவெளி.
விடவா, இணைக்கவா என்று மென்பொருள் கேட்கிறது.
கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தாலும் போதும்,
நம்பும்படி ஐந்து எண்கள் இறங்கிவரும்,
ஒன்றுகூட மலையேறிப் பார்த்ததில்லை.
விடு என்றேன்.

அச்சடித்த தாளைத் துய்ஷோன்
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"பல் விழுந்தமாதிரி இருக்கே."
பென்சிலை எடுத்து இரு முனைகளையும் சேர்க்கக் குனிந்தவர்,
என்ன நினைத்தாரோ,
அதைக் காதில் செருகிக்கொண்டு
தண்ணீர்க் கணக்கைத் திரும்பப் போடப் போனார்.