பேர் வெட்டாத கல்

ஹிசாயோ என்று பெயர். முதல் நாளே
"ஈசா அம்மா" ஆக்கிவிட்டார் எங்கள் சூப்பர்வைசர்.
காரிமங்கலம் குவாரியில், கிரேனுக்கு அந்தப்பக்கம்,
மஞ்சள் ஹெல்மெட் நெற்றியில் சரியச் சரிய
அவள் படமெடுத்தது கல்லை அல்ல,
கல் போன இடத்தை.

பள்ளம். அடியில் பச்சையாய் மழைத்தண்ணீர்.
சுவர் நெடுக டிரில் இறங்கிய கோடுகள்.
அவள் அம்மா சமாதிக்கு இங்கிருந்துதான் கல் போனதாம்.
பில் வைத்திருந்தாள், நாலாய் மடித்து.

மொழி சொல்ல ஓசூரிலிருந்து வந்த மஞ்சுநாத்
பாதியைச் சொன்னான், பாதியை விழுங்கினான்.
அப்பா பர்மாவில்.
சண்டை முடிந்த மறுவருஷம்
வெள்ளைத்துணி சுற்றி ஒரு மரப்பெட்டி வந்தது.
எலும்பிருக்கும் என்று திறந்தார்கள்.
ஒரு கல்.
மாங்காய் அளவு, கைவிரல் மடக்கிக் காட்டினாள்.
கொஞ்சநாள் பூ வைத்தாள் அம்மா.
பஞ்சம் முற்றியதும்
முள்ளங்கி ஊறும் சாடிக்கு அதையே பாரமாய் வைத்தாள்.
மஞ்சுநாத் சிரித்துவிட்டான்.
அவளும் சிரித்தாள், அவனைவிட அதிக நேரம்.

எங்கள் மாமாவுக்கென்று
கல்கூட வரவில்லை.
ஒரு சைக்கிள் லைசென்ஸ் துண்டு இருக்கிறது,
கொடிகாமத்தில் எடுத்தது.
இதை நான் சொல்லவில்லை.

பாலிஷ் லைனில் கடைசி ஈரத்தை வழித்தேன்.
கறுப்புக்குள் புளியமரம் வந்தது, லாரி வந்தது,
எனக்குப் பின்னால் அவள்.
எந்த ஊர் என்றாள்.
தும்பலஹள்ளி டேம், முகாம்.
முகாமுக்கு அவன் என்ன சொல் போட்டானோ,
காமிராவை இறக்கிவிட்டாள்.

பிறகு முக்காலியை நட்டாள்.
எட்டு எண்ணும்வரை அசையக்கூடாது.
அதில் எனக்கென்ன கஷ்டம்?
தலை எண்ண வருகிறவர்கள் முன்னால்
நடக்கப் பழகியதிலிருந்து நிற்கிறேன்.

தை பிறந்து தபாலில் வந்தது படம்.
லோடுமேன்கள் புகை. கிரேன் புகை.
சிவராசண்ணன் இருந்த இடத்தில் ஒரு பீடி நெருப்பு மட்டும்.
அசையாமல் இருந்தது கல்லும் நானும்.

அம்மா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஆற்றை கல்லு பிள்ளை இது?
பேர் ஒண்டும் வெட்டேல்லையே."
பேர் வெட்டுகிற இடத்தை
விரலால் துடைத்தாள், தூசி என்று நினைத்து.

அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.