இடது:

ஷாவோஷிங்கில் பிளம் மழையின் நான்காவது வாரம்.
சுவருக்கும் வியர்க்கிறது.
மருந்துக்கடை மாடியில் நாங்கள் மூன்று பேர்,
ஒரு மின்விசிறி,
மியாவ் ஷிகுவாங் என்ற வைத்தியரின் நோயேடு.
அச்சேறாதது. நூற்றெழுபது வருடப் பூச்சிகள்
தின்றது போக மீதி எங்களுக்கு.

மனிதர் கடும் சிக்கனம்.
"படகுத்துறைப் பெண், இருபத்தொன்பது.
நாக்கு வெளிறியது. நாடி வெங்காயத்தாள்,
அழுத்தினால் நடுவில் ஒன்றுமில்லை.
ஐந்து வேளைக்கு."
அவள் பிழைத்தாளா என்று
அடுத்த பக்கம் சொல்லாது.
அடுத்த பக்கத்தில் ஒரு சாராய வியாபாரி;
குடிக்காதே என்றதற்குப்
பக்கத்து ஊர் வைத்தியனிடம் போய்விட்டவன்.
அதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

பகலில் நான் கீழே மருந்து நிறுப்பவள்.
தராசு சிவப்பு எண்களில் பேசும்.
அதனால் இவருடைய அளவுகளை
என் கை முதலில் படித்துவிடுகிறது,
கண் பிறகுதான் வந்து சேர்கிறது.
படகுத்துறைப் பெண்ணுக்கு இஞ்சி ஒரு பங்கு கூடுதல்.
ஈரத்தில் நின்று துவைப்பவளோ?
கை கேட்கிறது. ஏடு பேசாது.

எண்பத்து மூன்றாம் தாளில் நின்றோம்.
"ஆண், ஐம்பத்தாறு."
பெயர் இல்லை. தெரு இல்லை.
"வலது: வில்நாண் போல் விறைப்பு, மெலிது.
இடது:"
பிறகு வெறும் தாள்.
எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து,
மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி.

நகலெடுத்தவன் தூங்கிவிட்டான் என்றார் தெங் காய்யுவே.
கையெழுத்தே வேறு, மாணவனுடையது என்றான் போலின்.
இரண்டு வியாழக்கிழமைகள் அதிலேயே போயின.

மூன்றாம் வியாழன், நெரிசல் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்து வந்த வலது கை
மரத்துப்போயிற்று.
இறங்கி, நிழற்குடையில் நின்று,
சும்மாதான், இடது மணிக்கட்டில்
மூன்று விரல் வைத்தேன்.
நாடி இல்லை.
செத்துத்தான் போய்விட்டேன் என்று சிரித்தேன்.
சிரிப்பு பாதியில் நின்றது.
நாடி இருந்தது.
விரல்தான் இல்லை.

தன் நாடியைத் தானே பார்க்கிறவனுக்கு
இடதைப் பார்க்க வலது வேண்டும்.
வலது விழுந்த பிறகு
இடது கையால் வலதைப் பார்த்திருக்கிறார்.
அதே இடது கையால் தூரிகை பிடித்து
எழுதியும் இருக்கிறார், சாய்ந்து சாய்ந்து.
அதற்கு மேல் கை இல்லை.

எங்கள் சாத்திரத்தில் இதயம் இருப்பது
இடது மணிக்கட்டில், சுட்டுவிரலுக்கு அடியில்.
ஊரார் இதயத்தையெல்லாம்
வெற்றிலை எடைக்குத் தொட்டுப் பார்த்தவருக்குத்
தன்னுடையது எட்டவில்லை.
யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்,
மனைவியை, மாணவனை,
அந்தப் பக்கத்து ஊர்க்காரனையாவது.
கூப்பிடவில்லை.
அல்லது வந்தவர் சொன்னதை
எழுதத் தகுந்ததாய் நினைக்கவில்லை.

மருந்து எழுதியிருக்கிறார், ஏழு வேளைக்கு.
அளவு எல்லாம் பாதி.
பிறருக்கு இவ்வளவு பயந்து அவர் எழுதியதே இல்லை.

எண்பத்து நான்காம் தாள்:
அரிசிக் கிடங்குக்காரர் குழந்தை, வயிற்றுப்போக்கு.
இரண்டு மணிக்கட்டும் பார்த்துக் குறித்திருக்கிறது.
எழுத்து அதே சாய்வு.
நூற்றிரண்டு வரை அதே சாய்வு.
ஐம்பத்தாறு வயது ஆண்
மறுபடி வரவேயில்லை.

போலின் பதிப்புக்குத் தட்டச்சு செய்கிறான்.
அழிந்த எழுத்துக்கு ஒரு சதுரம் போடுவது வழக்கம்.
போட்டான்.
எடு என்றேன். அழிந்தால்தானே சதுரம்?
அடிக்குறிப்பாவது வேண்டும் என்றார் தெங்,
ஆதாரம் உங்கள் பஸ் கம்பியா என்றும் கேட்டார்.
நியாயமான கேள்வி.
அடிக்குறிப்பு வேண்டாம், என்றேன்.
மூன்று எழுத்து அகலத்துக்கு இடம் விடு, போதும்.

கணினிக்கு வெற்றிடம் பிடிக்காது.
வரியை ஒவ்வொரு முறையும் இழுத்து மூடிவிடுகிறது.
போலின் திட்டிக்கொண்டே
திறந்துகொண்டிருக்கிறான்.