மூன்றாவது ஒப்பீடு

அறுநூற்றுத் தொண்ணூற்றாறு சதுர அடி.
நாடாவின் நுனியைப் பிடிக்க ஆளில்லை.
மூலையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு
சுற்றி நடந்தேன்.
நாற்பத்திரண்டாவது எட்டில்
புறப்பட்ட ஆணிக்கே வந்துவிட்டேன்.

டுலூத் நகரத்துச் சரிவில்
இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே
பேருந்தில் நடு இருக்கை கிடைத்தவனைப் போல
தோள்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது இந்த வீடு.
கட்டிய ஆண்டு 1926.
கட்டியவர் தாதுக் கப்பலில் கொதிகலன் பார்த்தவராம்,
விற்கும் ஐலா ரவுதியோ சொன்னாள்.
அதுதான், படுக்கையறைக் கதவு திறந்திருந்தால்
அலமாரி திறக்காது.

நிலவறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு
ஈரம் ஏறி இறங்கிய கோடு.
மின்பலகை அறுபது ஆம்பியர்.
கூரை, பழையதைப் பிரிக்காமல்
மேலேயே போட்ட இரண்டாவது கூரை.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.
படுக்கையறைத் தரையில் நீல ஒட்டுநாடாவால்
ஒரு கட்டிலின் அளவு. ஒற்றைக் கட்டில்.
வாங்கப்போகிற செவிலி ப்ரீடா
போன வாரமே வந்து ஒட்டிப் பார்த்திருக்கிறாள்.
அதை மிதிக்காமல் ஜன்னல்வரை போய்வந்தேன்.

படிவம் கேட்கிறது:
அக்கம்பக்கம் ஏறுகிறதா, நிலைத்திருக்கிறதா, சரிகிறதா?
இந்த ஊரில் சரியாத தெரு எது!
இடப்பக்க வீட்டின் வாசல்பாதைக்கு அடியில்
வெந்நீர்க் குழாய் ஓடுகிறது; அங்கே பனி தங்குவதில்லை.
வலப்பக்க வீட்டில் ஐந்து அஞ்சல்பெட்டிகள்,
முகப்பில் நனைந்துபோன ஒரு சோபா.
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து
'நிலைத்திருக்கிறது' என்று குறித்தேன்.

இடப்பக்கத்து ஓஸ்ட்பி
செருப்போடு இறங்கி வந்தார்.
"குறைத்துப் போட்டுவிடாதே அம்மா,
அது விழுந்தால் எங்களையும் இழுத்துக்கொண்டு விழும்."
நான் விலை போடுவதில்லை என்றேன்.
ஊரார் போட்டதை வைத்துக்
கூட்டிக் கழிக்கிறவள்.

ஒரு மைலுக்குள், ஓராண்டுக்குள்,
இதே அளவில் விற்ற மூன்று வீடுகள் வேண்டும்.
முதலாவது, இரண்டு தெரு கீழே.
புதுச் சமையலறை; எட்டாயிரம் கழித்தேன்.
இரண்டாவது, மேட்டில்.
வண்டிக்கொட்டகை இல்லை; ஆறாயிரம் கூட்டினேன்.
மூன்றாவதைக் கணினியே எடுத்து நீட்டியது:
எழுநூற்றொரு சதுர அடி, 1924, போன அக்டோபரில் விற்றது.
இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.
அதன் குளியலறைக் குழாயை
இடப்பக்கம் திருகினால்தான் சொட்டுவது நிற்கும் என்பது
கணினிக்குத் தெரியாது.
நானும் கேரட்டும் பதினோரு ஆண்டு
இருந்த வீடு.

முதலில் வந்தவன் சொன்ன தொகைக்கே
கையெழுத்துப் போட்டோம்.
விற்பனை என்றால், விதிப்படி,
விருப்பம் இருக்க வேண்டும், விவரம் இருக்க வேண்டும்,
அவசரம் இருக்கக் கூடாது.
எங்களிடம் விவரம் மட்டும்தான் இருந்தது.
குளிர்காப்புக்கும் கழிப்பறைக்கும் வரிசை உண்டு படிவத்தில்.
இரண்டு பேர் இரண்டு ஜன்னல்களில் நின்றபடி
சாப்பிட்டு முடித்த இரவுகளுக்கு
எவ்வளவு கழிப்பது?

நீக்கினேன். சொந்தத் தொடர்பு என்று காரணம் எழுதினேன்.
கொஞ்சம் தள்ளிப் போய் வேறொன்றைப் பிடித்ததில்
ஐலாவின் வீடு ஒன்பதாயிரம் ஏறியது.
ஓஸ்ட்பிக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.
ப்ரீடாவின் மாதத் தவணையை
நான் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

ஆனாலும் படம் எடுக்கப் போயிருந்தேன்,
நீக்குவதற்கு முன்பு, காலையிலேயே.
ஒப்பீட்டு வீடுகளைத் தெருவில் நின்று
படம் எடுத்தாக வேண்டும், அது வேலை.
எஞ்சினை அணைக்கவில்லை.
முன்ஜன்னலில் திரை இல்லை.
இடிக்கலாமா வேண்டாமா என்று
நாங்கள் பேசிப் பேசியே விட்டுவைத்த சுவரை
யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.
முன்னறை, அதற்கப்பால் சமையலறை, பின்ஜன்னல்,
அதற்கப்பால் ஏரி.
நடுத்தெருவிலிருந்தே தெரிந்தது.
தாதுக் கப்பல் ஒன்று
வீட்டுக்குள்ளேயே போவதுபோல, மெதுவாக,
எங்கள் அடுப்பு இருந்த இடத்தைக்
கடந்துகொண்டிருந்தது.