எட்டில் ஒன்று

பகலெல்லாம் பிறந்த குழந்தைகளின் குதிகாலில்
ஊசி குத்தி ஒரு சொட்டு எடுக்கிறவள் நான்.
செவ்வாய் மாலை, கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்து
ரூவியில் பேருந்து ஏறினால்
பல்கலைக்கழகம் போய்ச் சேர முக்கால் மணி நேரம்.
அங்கே அதே சொட்டு அட்டவணையாகக் கிடக்கும்:
மூவாயிரம் பேர், ஐந்து லட்சம் இடங்கள்,
ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யமோ, ஒன்றோ, இரண்டோ.

பேராசிரியர் எல்தாயிப் சூடான்காரர்.
முதல் வாரமே சொல்லிவிட்டார்:
பத்து லட்சம் முறை கேட்டுப் பார்,
ஒன்றுமில்லாத உலகம்கூட
ஐம்பதாயிரம் முறை ஆமாம் சொல்லும்.
நம்ப வேண்டுமானால் புள்ளிக்குப் பின்
ஏழு பூஜ்யம் கேள்.
சங்கரன்கோவிலில் மூன்று பேர் சொன்னாலே
நம்பிவிடுவோம்.

மூன்றாம் வாரம் வம்சப் படம்.
சதுரம் ஆண், வட்டம் பெண்,
ரத்த உறவில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு.
அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டிக்கொண்டால்
பிறக்கும் குழந்தைக்குப் பதினாறில் ஒன்று.
ஜுவைனா அதை எழுதி, பக்கத்தில்
தன் மகன் பெயரையும் எழுதினாள்.
நான் என் வீட்டை வரைந்தேன்.
இரட்டைக் கோடு நேராக நிற்கவில்லை,
ஒரு தலைமுறை சரிந்து இறங்கியது.
"தப்பு. இவர் உன் அம்மாவுக்கு மாமா ஆகிறாரே?"
ஆமாம், தாய்மாமன்.
எட்டில் ஒன்று.

அவள் வாயில் கை வைத்தாள். அவர்களுக்கு அது ஹராம்.
அவள் கட்டியிருப்பதோ சித்தப்பா மகனை.
எங்களுக்கு அவன் அண்ணன்.
நானும் வாயில் கை வைத்தேன்.
இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரிக்க
எல்தாயிப் திரும்பிப் பார்த்தார்.
சூத்திரத்துக்கு யாரும் மாமன் இல்லை, அண்ணன் இல்லை.
பாதியைப் பாதியால் பெருக்கிக்கொண்டே
மேலே ஏறி, கீழே இறங்கி வந்தது.

முறைமாமன். முறைப்பெண். பத்து லட்சம் முறை.
புள்ளியியல் முறைகள், மூன்று கிரெடிட்.

வீட்டுப்பாடம், ஐந்தாம் கேள்வி.
பெற்றோர் இருவருக்கும் கேட்கும்.
ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே கேட்காது.
கேட்கிற பிள்ளை அந்தப் பிழையைச் சுமக்கும் நிகழ்தகவு?
பாதி என்று எழுதினேன். அடித்தேன்.
கேட்கிறது என்பதாலேயே ஒரு கட்டம் அழிந்துவிட்டது,
மீதி மூன்றில் இரண்டு.
பக்கத்து அறை ஏசியிலிருந்து
பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சொட்டுவது
அன்றைக்குத்தான் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

திருப்பூரிலிருந்து கோமதி வீடியோவில் வந்தாள்.
என்ன படிக்கிறாய் என்று விரல்கள் கேட்டன.
நிகழ்தகவுக்கு எங்களிடம் சைகை இல்லை.
நாலு உருண்டை பிடித்தேன், ஒன்றைத் தள்ளி வைத்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தவள்
அந்த ஒன்றைத் தன் பக்கம் இழுப்பதுபோல் இழுத்து,
லாட்டரி என்றாள்.
நெற்றியில் அடித்துக்கொண்டு
இதற்குத்தான் ஒமான் வரைக்கும் போனாயா என்றாள்.
பிறகு ஓவர்டைம் பணத்தில் வாங்கிய மூக்குத்தியை
கேமராவுக்கு மிக அருகில் காட்டினாள்.
மங்கலாகத்தான் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆறாம் வாரம் எங்களுக்குக் கொடுத்த நிரலில்
பதினேழாம் வரி: உறவினரை நீக்கு.
ஜோடிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை எடுத்துவிடும்.
ஓட்டினோம். மூவாயிரம் பேர்
ஆயிரத்து நூறானார்கள்.
"எங்கள் கல்யாணப் பந்தலில் இதை ஓட்டினால்
சமையல்காரர்தான் மிஞ்சுவார்," என்றாள் ஜுவைனா.
சமையல்காரர் கேரளத்துக்காரர்.
அவர் எந்தத் தரவிலும் இல்லை.
நானும் இல்லை. சேர்க்கும் தகுதி, பத்தி இரண்டு:
குடிமக்கள் மட்டும்.

யாரையும் நீக்காமல்
யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பெரிய சதுரத்தில் எழுதி,
அத்தனை பேரையும் கூட வைத்துக்கொண்டே கணக்கிடும் முறை
ஏழாம் வாரம் வந்தது.
மெதுவான முறை. இரவெல்லாம் ஓடும்.
பதினேழாம் வரியின் தலையில் ஒரு # போட்டேன்.
மடிக்கணினி சூடாகி இரைந்தது.
காலை ஆறு மணி ஷிஃப்ட்.
இன்னும் நாற்பது சதவீதம்தான் முடிந்திருந்தது.