இரண்டு விரல் தூரம்

பர்மா பஜாரில் நூற்றெண்பது ரூபாய் அந்த லென்ஸ்.
துணிக் கிளிப் மாதிரி போனைக் கடித்துக்கொள்ளும்.
இரண்டு விரல் தூரத்தில் மட்டும் அதற்குக் கண் தெரியும்.
ஒரு நூல் முன்னே போனாலும்
ஒரு நூல் பின்னே வந்தாலும்
உலகம் கஞ்சித் தண்ணீர்.

எர்ணாவூரில் என் வீட்டுப் பின்புறம்
ஆறடிக்கு ஒன்பதடி.
துவைக்கிற கல், நீல டிரம், மோட்டார் சுவிட்சுப் பெட்டி,
பாதி செத்த செம்பருத்தி,
அப்புறம் எத்திராஜ் வீட்டு மதில்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும்
சோற்றுக்கு முன்னால் அங்கேதான் குந்துவேன்.
மணலி யார்டில் இரவெல்லாம்
கன்டெய்னர் நம்பர் எழுதுகிற வேலை.
நாலு எழுத்து, ஏழு எண்.
விடிந்தால் சரக்கு சிறிதாகிவிடும்:
இலைக்கடியில் மாவுப்பூச்சி பதினொன்று,
காவலுக்கு எறும்பு நான்கு.
எறும்பு முதுகில் தட்டும்,
தட்டினால் ஒரு சொட்டு இனிப்பு வரும்.
அந்தச் சொட்டுக்குள்
கொடியில் காயும் என் சிவப்பு நைட்டி
தலைகீழாகத் தொங்குகிறது.

"இன்னாமே, மருந்து அடிக்காம போட்டோ புடிச்சினுகீற.
எறும்புக்குக் கண்ணாலமா?"
மதில்மேல் எத்திராஜின் தலை மட்டும்.
ஆமாம், ஆல்பம் போடணும் என்பேன்.

சிலந்தி பூச்சிக் கணக்கில் வராது, எட்டுக் கால்.
ஆனாலும் எடுத்தேன்.
மற்றதெல்லாம் ஓடும், பறக்கும்;
அது ஒன்றுதான் திரும்பி நின்று
யார் நீ என்று பார்த்தது.

ஆவணியில் குளவி வந்தது.
மஞ்சள் இடுப்பு, நூலாய் நடு.
டிரம் குழாய் ஒழுகும் இடத்தில்
சாம்பல் கலந்த சேற்றை உருட்டி உருட்டி
சுவிட்சுப் பெட்டிமேல் நாலு அறை கட்டியது.
கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று
வகுப்பில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
ஆகாது. மூன்று படம் இருக்கிறது என்னிடம்.
பச்சைப் புழு சோறு;
சாப்பிடப்போகிற பிள்ளை முட்டைக்குள்.

குளவியை எடுக்க மூச்சை நிறுத்த வேண்டும்.
மூச்சு அசைந்தால் மார்பு, மார்பு அசைந்தால் கை,
கை அசைந்தால் கஞ்சித் தண்ணீர்.
முதலில் பன்னிரண்டு எண்ணும் வரை தாங்கினேன்.
ஐப்பசிக்குள் நாற்பது.

மழை விட்ட ஒரு நடுராத்திரி
அந்த நாற்றம் வந்தது.
எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை.
ஒரு மூட்டை வெங்காயத்தைக் கண்ணுக்குள் உரித்த மாதிரி.
ஈரத் துண்டு, குழந்தைகள், கேஸ் மூடினியா,
எத்திராஜின் மாமியாரை ஆளுக்கொரு பக்கம் தூக்கி
ஷேர் ஆட்டோவில் திணித்தோம்.
தெருமுனை வரை நான் மூச்சு விடவில்லை.
நாற்பது தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
குளவி சொல்லிக்கொடுத்தது என்று
அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் திரும்பினோம்.
செம்பருத்தியின் ஓரங்கள் பீடி நுனி போல.
பதினொன்றும் அங்கேயே இருந்தன, உதிர்ந்த மாவாக.
எறும்பு வரவில்லை.
டிரம் தண்ணீரில் ஒரு தட்டான்
இறக்கையை விரித்தபடி, கவனமாக.
படமெடுக்கச் சுலபமாக இருந்தது.
எடுக்கவில்லை.

சுவிட்சுப் பெட்டிமேல் நாலு அறையும் மூடியபடி.
விரலால் தட்டிப் பார்க்கலாம் என்று நினைத்து
தட்டாமல் இருந்தேன்.

மறுநாளிலிருந்து மதில்மேல் தலை கேட்கும்:
"வந்துச்சா?"
"இல்ல."
கண்ணாலப் பேச்சு இல்லை.

ஒன்பதாம் நாள், ஏழு மணி இருக்கும்,
ஓரத்து அறையில் கடுகளவு ஓட்டை.
உள்ளேயிருந்து யாரோ சுவரைக் கடிக்கிறார்கள்.
கொஞ்சம் மண் உதிர்ந்தது, ஒரு மீசை,
மறுபடி ஒன்றுமில்லை, மறுபடி மீசை.
இரண்டு விரல் தூரம். மூச்சை நிறுத்தினேன்.
பதினேழு வரைதான் முடிந்தது.
அந்த ராத்திரிக்கப்புறம் நெஞ்சில் குடியிருக்கிற இருமல்
பதினெட்டில் வெடித்தது.

படத்தில் சாம்பல் நிறம்,
குறுக்கே இழுத்த ஒரு மஞ்சள் கோடு.
மற்ற மூன்று அறையும் இன்னும் மூடியிருக்கின்றன.

மதிலுக்கு மேலே போனை நீட்டினேன்.
"ஒண்ணியும் தெர்லியே" என்றார் எத்திராஜ்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வெகுநேரம் திருப்பித் தரவில்லை.