நூற்றுத் தொண்ணூறு கிராம்

நஞ்சு என்று இதற்குப் பெயர் வைத்தவர்
ஒருநாளும் இதைத் தராசில் வைத்ததில்லை போலும்.

அதிகாலை இரண்டே முக்கால்.
லுசாக்காவில் அக்டோபர்.
தகரக் கூரை இன்னும் பகலை விடவில்லை.
கபம்பா பனிப்பெட்டியை இறக்கி வைத்தான்,
பேனா கேட்டான், கையெழுத்துப் போட்டான்,
பேனாவோடு போய்விட்டான்.

மூடியில் எண் நானூற்றுப் பதினேழு.
இருபத்தொன்பது வாரம். பெண். உயிருடன்.
கடைசிச் சொல்லுக்குக் கீழே
யாரோ இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

கழுவினேன்.
கொடி நடுவில் இல்லை.
விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கியது,
நெரிசல் நேர மினிபஸ்ஸின் வாசலில்
கண்டக்டர் தொங்குவது மாதிரி.
எடை நூற்றுத் தொண்ணூறு.
இன்னொரு நூறாவது இருந்திருக்க வேண்டும்.

பிறகு கத்தி. சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு.
மூன்றாவது துண்டில் விரல் நின்றது:
வெளிறிய திட்டு,
தொட்டால் வேகவைத்த ஈரல்.
நான்கிலும் அது. ஐந்திலும் அது.
ரத்தம் வந்து சேராமல் செத்த இடம்.
அளந்து எழுதினேன்: மூன்றில் ஒரு பங்கு.

நான்கு மணிக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமியது, யோசித்தது,
யோசித்துக்கொண்டே இருந்தது.
உறைபெட்டியின் சிவப்பு எண்
மைனஸ் எண்பது, எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு.
உள்ளே நானூற்றுப் பதினேழு பெண்களின் துணுக்குகள்.
கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்,
என் முதுகு அதை மூடி வைக்கும் என்பதுபோல.
எழுபத்தாறில் பிடித்தது.

ஒன்பது நாள் கழித்து இனோங்கே வந்தாள்.
இங்கே தாய்மார் வரக் கூடாது.
வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள்.
சித்தேங்கே துணிக்குள், மார்போடு மார்பாக,
ஒரு மஞ்சள் தொப்பி மட்டும் தெரிந்தது.

"தண்ணீர்க் குடம் தூக்கினேனாம், மாமியார் சொல்கிறார்.
தேவாலயத்தில் வேறு சொல்கிறார்கள்.
நீங்கள்தான் அதைப் பார்த்தீர்களாமே.
கெட்டதா அது?"

மருத்துவரிடம் அனுப்பு என்பது விதி.
விதியைச் சொல்ல வாயைத் திறந்து,
"மூன்றில் ஒரு பங்கு செத்திருந்தது" என்றேன்.
அவள் கண்ணை மூடினாள்.
தப்பான முனையில் பிடித்துவிட்டேன்.
பதினொரு வருடமாக
வெட்டுவதை மட்டும் பழகிய கை,
அதற்கேற்ற வாய்.

"மீதி இரண்டு பங்கு" என்றேன்,
"வேலை செய்துகொண்டிருந்தது.
செத்ததன் வேலையையும் சேர்த்து.
எத்தனை வாரம் என்று தெரியாது.
வெளியே வரும்வரை."

"ஏன் செத்தது?"

தெரியாது. அதற்குத்தான் இந்த உறைபெட்டி,
இந்தக் கத்தி, இந்தத் தூக்கமின்மை.
கண்ணாடித் தகட்டில் மலேரியாவின் பழுப்புத் துகள் இல்லை.
சீழ் இல்லை. உன் ரத்த அழுத்தம் சரியாக இருந்தது.
"குடம்?" என்றாள்.
"குடத்தையும் தேடினேன், காணோம்."

சிரிக்கவில்லை.
துணிக்குள் தும்மல் ஒன்று,
சோள மணி அளவு.
அவள் தொப்பியை இழுத்துவிட்டு
"எவ்வளவு கனம்?" என்றாள்.
"நூற்றுத் தொண்ணூறு கிராம்."
கையை விரித்து, இல்லாத ஒன்றை
ஏந்திப் பார்த்தாள்.
"இரண்டு தக்காளி" என்றாள்.
பிறகு, "இவள் இன்று காலை ஆயிரத்து இருபது."
சொல்லிவிட்டு நடந்தாள், மெதுவாக,
முன்பக்கம் நிறைந்த மனுஷி நடப்பது போலவே.

படிவத்தில் காரணம் என்ற கட்டம் சின்னது.
'தெரியவில்லை' அதில் கச்சிதமாக அடங்கும்.
நூறு தடவைக்கு மேல் அடங்கியிருக்கிறது.
அதற்குக் கீழே பிற குறிப்புகள் என்று ஒரு கோடு,
யாரும் படிக்காதது.
கபம்பாவைத் தேடிப் போய் என் பேனாவை வாங்கி வந்து
எழுதினேன்:
மீதி வேலை செய்தது.

இது அறிவியல் மொழி அல்ல என்று
மேற்பார்வையாளர் அடித்துவிடுவார்.
அடிக்கட்டும்.
நானூற்றுப் பதினெட்டு வந்துகொண்டிருக்கிறது,
சிலெஞ்சே சாலையில், பனிக்கட்டி உருக உருக.